குரல் இறங்கிய பாடம்

2024 ஜூன் 12, அம்பத்தூர்
மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, மூன்றாம் வகுப்புப் பயிற்சி நூலை வாசித்து, போனில் பதிவு செய்தேன். பார்வையில்லாத பிள்ளைகளுக்கு என்பதால் படங்களையும் வாயால் சொல்ல வேண்டும். "படம்: அம்மா சமைக்கிறார். அப்பா செய்தித்தாள் படிக்கிறார்." "படம்: அம்மா துவைக்கிறார். அப்பா அலுவலகம் போகிறார்." மொத்தம் பதினோரு அம்மாக்கள். ஒருத்திகூட உட்காரவில்லை. முப்பத்து நான்கு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள் நான். யார் வரைந்தது இதை?

ஜூன் 20
எட்டாம் வகுப்பு அறிவியல், வளரிளம் பருவம். விடுதிப் பொறுப்பாளர் இக்னேஷியஸ் போனில்: "அத்த உட்ருங்கம்மா. பசங்க, பொண்ணுங்க ஒண்ணா குந்திகினு கேக்குதுங்க. இன்னாத்துக்கு வம்பு?"
கண் தெரிந்த பிள்ளை, ஆசிரியர் தாண்டிய பக்கத்தைத் தானே புரட்டிப் பார்த்துக்கொள்ளும். இவர்கள் எதைப் புரட்டுவார்கள்?

ஜூன் 21
மற்றப் பாடங்களோடு சேர்த்து அதையும் அனுப்பிவிட்டேன். அவர் கேட்டுப் பார்க்கமாட்டார்.

ஜூலை 3
பூந்தமல்லி விடுதிக்குப் போனேன். எட்டாம் வகுப்புக் கவிப்பிரியா பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, எல்லாப் பாடமும் கணீர்னு கீது. அதுல மட்டும் திருடிட்டு வந்தா மாதிரி பேசுறீங்க. நாலு வாட்டி போட்டோம், ஒண்ணும் புரியல. படத்தையும் சொல்லல. எனக்குப் போன மாசம் வந்துச்சு. உள்ள இன்னா நடக்குதுன்னு தெரிய வேணாமா?"
பின்னால் ஒரே சிரிப்பு.
என்னையா! புயல் நாளில், டெல்லி லைனில்கூட ஒரு சொல்லை நான் இருமுறை சொல்லவேண்டி வந்ததில்லை.

ஜூலை 4
போட்டுக் கேட்டேன். அவள் சொன்னது சரி. இரண்டு படங்களை விழுங்கியிருக்கிறேன். இக்னேஷியஸைக் குறை சொன்னேனே!
கான்வென்ட்டில் சிஸ்டர் அந்தப் பக்கங்களை ஊசிநூலால் தைத்துவைத்திருந்தார். நான் பிரிக்கவில்லை, நல்ல பிள்ளை. பதின்மூன்று வயதில், சாகப்போகிறேன் என்று கழிப்பறையில் நின்று ஜெபமாலை சொன்னேன். கல்யாணமான பிறகும் அவரிடம் "தலைவலி" என்றுதான் சொல்வேன். பாவம், ஒவ்வொரு மாதமும் மாத்திரை வாங்கி வருவார்.

ஜூலை 6
அந்தப் பாடத்தை மறுபடி பதிவு செய்ய ஆறு முறை முயன்றேன். கீழ்வீட்டுச் சொர்ணம் வாசலில் மணி அடித்ததும் போனைத் தலையணைக்கு அடியில் ஒளித்தேன். எழுபத்து மூணு வயசுல யாருக்குப் பயப்படுறேன்? யாரு வந்து அடிக்கப்போறா?

ஜூலை 9
இக்னேஷியஸ் கண்டுபிடித்துவிட்டார். "அழிச்சிட்டேம்மா." 
நல்லதாயிற்று, அது சரியாக இல்லை, திருத்தித் தருகிறேன் என்றேன். அது போகாவிட்டால் வேறெந்தப் பாடமும் வராது என்றும் சொன்னேன்.

ஜூலை 12
இக்னேஷியஸ் போனில்: "சரி, அனுப்புங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது, ஆமா."

ஜூலை 15
பதிவு செய்தேன். சன்னலைச் சாத்த மறந்துவிட்டது. "படம்: பெண்ணின் உடல், உட்புறம். நடுவில் கருப்பை. தலைகீழாகத் தொங்கும் பேரிக்காய் வடிவம். ஏறக்குறைய உங்கள் மூடிய கையளவு..."
கீழே துணி அலசும் சத்தம் நின்றது.
"அக்கா," சொர்ணத்தின் குரல். "ஆஸ்பத்திரில எனக்கு எட்த்தாங்களே, அதான் இதுவா? இன்னொரு வாட்டி சொல்லுங்க."
சன்னலருகே போய், முதல் வரியிலிருந்து சொன்னேன்.