மூன்று பேர் ஊற்றிய எண்ணெய்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உன் தம்பியும் நலம், ஞாயிற்றுக்கிழமை மூவரும் தலையிலிருந்து எண்ணெய் வழிய நின்றோம் என்பதைத் தவிர உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் நலத்தை இந்த முறை நான் விசாரிக்கப் போவதில்லை. விசாரித்தால் நல்லா இருக்கேம்மா என்பாய், அடுத்த மூச்சில் அடுப்புல பால் வெச்சிருக்கேன் அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுவாய். அதனால்தான் போனை விட்டுவிட்டுப் பேனாவை எடுத்தேன். உட்கார்ந்து நிதானமாகப் படி.

நீ கல்லூரிக்கு ஓட்டிக்கொண்டு போவாயே அந்தக் கிழட்டு மோட்டார் சைக்கிள், அப்பாவைவிட வயதில் மூத்தது, உனக்குக் கல்யாணமாகிப் போனதிலிருந்து பின்பக்கக் கொட்டகையில்தான் நின்றுகொண்டிருந்தது. எப்படியோ மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி, பிஸ்டன் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு இஞ்சின் இறுகிப் போய்விட்டது. உன் தம்பி கிக்கர் மேல் ஏறி நின்று குதித்தாலும் அசையாது. இத்தனை வருஷம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காத உன் அப்பா, இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துபோய் அதைத் துடைக்க ஆரம்பித்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவருக்குப் பொழுது போகவில்லை போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். முக்குக்கடை மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டினார். அவர், சுத்தியலால தட்டி எறக்கிடலாம், பிஸ்டன் ஒடஞ்சா என்னைக் கேக்கக் கூடாது என்றார். அந்தக் காலத்து வண்டிக்கு இன்னொரு பிஸ்டனுக்கு எங்கே போவது, அப்பா அவருக்கு டீயைக் கொடுத்து அனுப்பிவிட்டுத் தானே இறங்கிவிட்டார்.

அவருடைய வைத்தியம் இதுதான். மேலே பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாக ஒரு கரண்டி டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றினார், பிளக்கை லேசாகத் திருகி வைத்தார். மறுநாளிலிருந்து தினமும் காலையில் ஒரு சைக்கிள் கம்பியை உள்ளே விட்டு எண்ணெய் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்ப்பார். மட்டம் இறங்கியிருந்தால் எண்ணெய் பிஸ்டனைச் சுற்றிக் கசிந்து துருவை இளக்குகிறது என்று அர்த்தமாம், இறங்காவிட்டால் எல்லாம் பாறையாகிவிட்டது என்று அர்த்தமாம். இறங்கவே இல்லை. தினமும் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு உடைந்துபோய் நிற்பார். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. கடைசியில் போன வாரம், விடு, அது செத்துப்போச்சு என்று சொல்லிப் பழைய இரும்புக்காரருக்கே ஆள் அனுப்பிவிட்டார். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரும்புக்காரர் வாசலில் வந்து நின்றுவிட்டார். அப்பா அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, கடைசியா ஒரு தடவ பாத்துடலாம் வாடா என்று தம்பியைக் கூப்பிட்டார். பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போட்டு, இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினார்கள், பின்சக்கரம் உருண்டால் உள்ளே பிஸ்டனும் நகர்ந்துதானே ஆக வேண்டும். நான் ஓரமாகப் படுக்கை விரிப்பைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். டக்கென்று ஒரு சத்தம். ஐயையோ எதுவோ உடைந்துவிட்டது என்று திரும்பினால், வண்டி இரண்டடி முன்னால் பாய்கிறது, பிளக் ஓட்டையிலிருந்து கறுகறுவென்று எண்ணெய் பீச்சியடித்துக் கூரைத் தகரத்தில் மோதி அப்படியே எங்கள் தலையில் கொட்டுகிறது. அப்பா கண்ணாடியில், தம்பி வாயில், என் விரிப்பில். இரும்புக்காரர் தெருவுக்கே ஓடிவிட்டார்.

இஞ்சின் அசைந்ததற்கு அப்பா குதித்திருக்க வேண்டாமா? பேயறைந்த மாதிரி நின்றார். நான் ஊத்துனது ஒரு கரண்டிதானே, இவ்வளவு எண்ணெய் எங்கேருந்து வந்துச்சு என்றார். எனக்கு வேறு வழியில்லை, நீங்க மத்தியானம் தூங்கறப்ப நான் தையல் மிஷின் எண்ணெயை ஊத்துவேன், சீக்கிரம் வேலை முடியட்டும்னுதான் என்று சொன்னேன். உன் தம்பி தலையைக் குனிந்துகொண்டு, சாயங்காலம் வேலை விட்டு வந்து நானும் ஊத்துவேன்பா என்றான். அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடப்பாவிங்களா, தெனமும் எறங்கிட்டுத்தான் இருந்திருக்கு, நீங்க ரெண்டு பேரும் ரொப்பி ரொப்பி எனக்குத் தெரியாமயே பண்ணிட்டீங்களே, நல்லா இருக்கற வண்டியக் காயலாங்கடைக்கு அனுப்பப் பாத்தேனே என்றார். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

அந்தச் சிரிப்பிலேதான் இடி விழுந்தது. உன் தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டே, இந்த வீட்டுல எல்லாத்தையும் மறைச்சு மறைச்சுத்தான் செய்யணுமா, அக்கா விஷயத்த நான் மட்டும் எத்தன நாள் நெஞ்சுக்குள்ளயே வெச்சிருக்கறது என்று ஆரம்பித்து, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான். என்ன விஷயம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அப்பாவும் கேட்டிருக்க வேண்டும். இரண்டு பேருமே கேட்கவில்லை. கேட்காததிலேயே எல்லாம் வெளியே வந்துவிட்டது. நான் அவரைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார், உங்களுக்கும் தெரியுமா என்று கேட்டேன். அந்த எண்ணெயிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீ மாப்பிள்ளையை விட்டு வந்து தனியாக ஓர் அறை எடுத்துத் தங்கியிருப்பது மூன்று பேருக்கும் தெரியும். தம்பியிடம் நீயே சொல்லிச் சத்தியம் வாங்கியிருக்கிறாய். அப்பா மாப்பிள்ளையின் போனுக்குக் கூப்பிட்டபோது, அவ இப்ப இங்க இல்லீங்க என்று அவர் சொன்னாராம், அம்மா சாப்பாட்டை விட்டுவிடுவாள் என்று அப்பா மென்று முழுங்கியிருக்கிறார். எனக்கு யாரும் சொல்லவில்லை. போனில் முகம் பார்த்துப் பேசும்போது நான் தைத்துக் கொடுத்த நீலத் திரைச்சீலை உனக்குப் பின்னால் காணவில்லை, சுவரும் வேறு சுவர். பெயின்ட் அடிச்சோம்மா என்றாயே, பெற்றவளுக்குச் சுவர் தெரியாதா? அப்பாவின் ரத்த அழுத்தத்துக்குப் பயந்து நானும் வாயைத் திறக்கவில்லை. உன் மேல் எனக்குக் கோபம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே சோற்றைத் தின்றுகொண்டு, மூன்று பேரும் தனித்தனியாக உனக்காக அழுதிருக்கிறோம் என்பதை நினைத்தால்தான் தாங்கவில்லை. அந்தப் போன் பேசிய மறுநாள்தான் அப்பா வண்டியைத் துடைக்க ஆரம்பித்தாராம். அவ திரும்பி வந்தா வீட்டுக்குள்ள முடங்கி உக்காருவாளா, அவளுக்குன்னு ஒரு வண்டி வேணாமா என்றார். சொல்லிவிட்டுக் கண்ணாடியில் இருந்த எண்ணெயைத் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

வந்துவிடு என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. அங்கேயே தனியாக இருக்க வேண்டுமென்றாலும் இரு, ஆனால் எங்களுக்குத் தெரிந்து இரு. வந்தால் ஏன் எதற்கு என்று ஒருவரும் கேட்கமாட்டோம், நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வோம். வேளாவேளைக்குச் சாப்பிடு, அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தூங்கு. இஞ்சினுக்குள் இருந்த பழைய எண்ணெயை வடித்தாகிவிட்டது, அரை வாளி வந்தது. புது ஆயிலும் பெட்ரோலும் ஊற்றி, புதுப் பிளக்கும் மாட்டி, தெருவைப் பார்த்துத் திருப்பி நிறுத்தியிருக்கிறார்கள். ஓடுமா ஓடாதா என்று ஒரு கிக் அடித்தால் தெரிந்துவிடும். அப்பா அடிக்கமாட்டேன் என்கிறார், தம்பியையும் தொட விடவில்லை. அது அவ வண்டி, அவ வந்து அடிக்கட்டும் என்கிறார். வரும்போது மறக்காமல் ஷூ போட்டுக்கொண்டு வா, அந்தக் கிக்கர் திருப்பி அடிக்கும் என்பது உனக்குத் தெரியாததா. நீ எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து நன்றாக இருக்க வேண்டும், எங்கள் மூவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு.

அப்பாவையும் தம்பியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர்களுக்குத் தெரிந்தே எழுதும்,
உன் அம்மா