படிவத்தில் அப்பாவுக்கான இடம்

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

சாலைக் கடைவீதியில் நம் கடை நடக்கிறது. தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், லாரி உள்ளே வர முடியவில்லை. ஆணி, கீல், தாழ்ப்பாள் எல்லாம் இப்போது நானே கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன். நீங்கள் போன இந்த மூன்று வருடத்தில் அவ்வளவு தேறிவிட்டேன். ஆனால் இதற்காக எழுதவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

நம் மீனாவுக்குப் பதினான்கு வயது. போன வருடம் ஒரு நாள் சாப்பிடும்போது, தான் பெண் இல்லை, பையன் என்று பிள்ளை என்னிடம் சொன்னது. ரொம்ப நாளாகவே அப்படித்தானாம். நான் காதில் விழாததுபோல் குழம்பை ஊற்றினேன்.

இரண்டு மாதத்தில் வயதுக்கு வந்தது. அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன். சடங்கைப் பெரிதாக நடத்திவிட்டால் மனசு மாறிவிடும் என்று நானாக நம்பினேன். ஆரியசாலையில் மண்டபம் பிடித்தேன். உங்கள் அக்கா நாகர்கோவிலிலிருந்து வந்து தலை நிறையப் பூ வைத்தார்கள். என் தம்பி தாய்மாமன் சீராகப் பட்டுச்சேலை கொண்டுவந்தான். பிள்ளை மறுபேச்சில்லாமல் நின்றது, நானும் நிம்மதியாக எல்லோருக்கும் பந்தி விசாரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சேலையை மடித்து என் கையில் கொடுத்தது.

"உனக்காகத்தான் நின்னேன் அம்மா. எனக்கு என் உடம்பைப் பாக்கவே பேடியா, பயமா இருக்கு."

அதற்குப் பிறகு சரியாகச் சாப்பாடு இல்லை. பாதி நாள் பள்ளிக்கூடமும் இல்லை. நான் கதவுக்கு வெளியே நின்று மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பிள்ளையிடம் பல மாதம் பேசிப் பார்த்த பிறகு டாக்டர் ஒரு ஊசியைப் பற்றிச் சொன்னார். உடம்பு மாறுவதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்குமாம். எலும்புக்கு என்ன செய்யும், பிற்காலத்தில் என்ன ஆகும் என்று முழுதாகச் சொல்ல முடியாது என்றார். சும்மா இருந்தாலும் ஆபத்து இல்லாமல் இல்லை என்றார். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட அப்பாவுக்கு ஒரு இடம், அம்மாவுக்கு ஒரு இடம். உங்கள் இடத்தில் கோடு போட்டு, மரணச் சான்றிதழை வைத்தால் போதுமாம்.

உங்கள் அக்கா போனில், "தம்பி இருந்தா இதுக்குச் சம்மதிப்பானா?" என்று கேட்டார்கள். பிள்ளையோ, "அப்பா இருந்தா எனக்கு முன்னாடி ஆஸ்பத்திரில போய் நின்னிருப்பாரு" என்கிறது. இரண்டு பேரும் உங்களைத் தங்கள் பக்கம் இழுக்கிறார்கள். ஒரு பெட்டி ஆணி வாங்க மூன்று தடவை யோசிக்கிற மனுஷன், இதை மட்டும் என் தலையில் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்.

மாசம் தவறாமல் கூட்டிக்கொண்டு போய் மீனாவுக்குக் கிராப் வெட்டிவிட்டு வருவீர்களே, நான் அவ்வளவு திட்டியும். உங்களுக்கு ஏதாவது தெரிந்திருந்ததா? இல்லை, பிள்ளை அழுததைப் பார்க்க முடியாமலா?

கையெழுத்துப் போட்டால், இருபத்தைந்து வயதில் ஏன் விட்டாய் என்று கேட்குமோ என்று பயம். போடாவிட்டால், கேட்பதற்குப் பிள்ளை இருக்குமோ என்று பயம்.

வியாழக்கிழமை போகிறோம். இன்னும் முடிவு செய்யவில்லை. என் பயத்தையெல்லாம் பிள்ளையின் முன்னாலேயே டாக்டரிடம் கேட்கப்போகிறேன், பிள்ளை சொல்வதை இந்தத் தடவை காதில் வாங்கப்போகிறேன். ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். என்றைக்குக் கேட்டாலும், அப்பாவின் விருப்பம் அது என்று சொல்லி உங்கள் பின்னால் ஒளிய மாட்டேன். நான்தான் பயந்தேன், நான்தான் முடிவு செய்தேன் என்பேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமன் மகள், நம் பிள்ளையின் அம்மா,
பகவதி