சர்க்கரைத் தண்ணீர்

ஜூன் 4, காலை

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதீர்கள். உங்கள் போனை நீங்களே சுவரில் அடித்து நொறுக்கிவிட்டீர்கள். கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கத்தினால் உங்களுக்கு இருமல் பிடித்துக்கொள்கிறது. கொரோனா இறங்கும்வரை பேச்சைக் குறைக்கும்படி டாக்டரும் சொல்லிவிட்டார். ஆகவே எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளுங்கள், எடுத்துக்கொள்கிறேன்.

முக்காலியில் தட்டு வைத்திருக்கிறேன். நான் சமையலறைக்குள் போனபிறகு எடுங்கள். ஆக்சிஜன் பார்க்க விரலில் மாட்டுகிற கிளிப் இருக்கிறது. தொண்ணூற்று நாலுக்குக் கீழே காட்டினால் உடனே கதவைத் தட்டுங்கள். பக்கத்தில் இருப்பது சுகர் பார்க்கும் மெஷின், நம் தெருவுக்குக் காய்ச்சல் பார்க்க வருகிற நர்ஸம்மா கொடுத்தனுப்பியது. உங்களுக்குச் சுகர் வந்து இத்தனை வருஷமாகியும் நம் வீட்டில் இப்படி ஒன்று இருந்ததில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பார்த்ததோடு சரி. காய்ச்சலும் ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்தால் சுகர் கண்மண் தெரியாமல் ஏறுமாம். சாப்பாட்டுக்கு முன்னால் பார்த்து நம்பரை எழுதுங்கள். எத்தனை யூனிட் இன்சுலின் என்று நர்ஸம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன்.

இன்சுலின் ஊசியை இனி நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும். நாளெல்லாம் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்று மரம் அறுக்கிற மனுஷருக்கு இந்த எறும்புக்கடிக்கா பயம்? வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடியுங்கள். கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள்.

எனக்கு ஒன்றுமில்லை. மாஸ்க் தைத்துக்கொண்டிருக்கிறேன். தெருவில் பாதிப் பேர் மூஞ்சி என் தையலில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டுக்காரி


ஜூன் 5, மதியம்

தையல்காரிக்கு,

நாய்க்குச் சோறு வைக்கிறவர்கள்கூட பக்கத்தில் நின்று ஒரு வார்த்தை பேசுவார்கள். நீ வைத்துவிட்டு ஓடுகிறாய். நாக்கு செத்துப்போனவனுக்கு உப்பு எதற்கு என்று விட்டுவிட்டாயா? அதனால்தான் தட்டு பறந்தது. முக்காலிக்கும் ஒரு கால் போனது. நீ கூட்டி அள்ளுகிற சத்தம் கேட்டது. நன்றாக அள்ளு, காலில் குத்தப்போகிறது.

அந்தத் தையல் மெஷினை நிறுத்து. அது என் மண்டைக்குள் ஓடுகிறது. நிறுத்தவில்லை என்றால் வெளியே வந்து அதையும் உன்னையும் சேர்த்துத் தெருவில் வீசுவேன். வாய்ப்பேச்சு என்று நினைக்காதே. உனக்கே தெரியும்.

எனக்குச் சுகர் இறங்கிவிட்டது. இறங்கினால் கை நிற்காது என்று அக்கா எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். வழக்கம்போலச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கி வை. நர்ஸ் சொன்னாளே என்று தட்டு எறிந்த கையோடு அந்த மெஷினிலும் குத்திப் பார்த்தேன். 241 என்கிறது. மெஷின் கோளாறு.

நான்


ஜூன் 6, காலை

வீட்டுக்காரருக்கு,

நேற்று உங்கள் காகிதத்தைப் படிப்பதற்கு முன்பே, தட்டுச் சத்தம் கேட்டதுமே, டம்ளரில் சர்க்கரையைப் போட்டுவிட்டேன். பழக்கம். ஸ்பூன் தானாகச் சுற்றுகிறது. கலக்கிக்கொண்டே காகிதத்தைப் படித்து, நர்ஸம்மாவுக்குப் போன் போட்டு 241 என்றேன். "அய்யோ, அது இறங்கினது இல்லம்மா, ஏறிக் கிடக்குது. சக்கரைத் தண்ணி கொடுத்து ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடாதே" என்றார். மெஷினும் நல்ல மெஷின்தானாம். டம்ளரைத் தொட்டியில் கவிழ்த்தேன்.

கல்யாணமான புதிதில் முதல்முதலாக என் தலையைச் சுவரில் மோதினீர்கள். உங்கள் அக்கா ஓடி வந்து, "தம்பிக்குச் சுகர் இறங்கிடுச்சும்மா. அவன் அடிக்கல, சுகர் அடிக்குது. சீக்கிரம் சக்கரைத் தண்ணி கலக்கு" என்றார். கலக்கினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் கலக்கினேன். இஸ்திரிப் பெட்டியை என் கைமேல் வைத்து அழுத்திய அன்று, வெந்த கையைத் தண்ணீருக்கு அடியில் காட்டக்கூட நேரமில்லாமல் மற்றக் கையால் கலக்கினேன். நீங்கள் குடித்துவிட்டுப் படுத்தீர்கள். அக்கா உங்கள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

ஒருதடவையாவது யாராவது குத்திப் பார்த்தோமா? இல்லை. அக்கா சொன்னார், நான் நம்பினேன், நீங்கள் குடித்தீர்கள்.

இனி ஒன்று செய்யுங்கள். கோபம் வரும்போது எதையும் எறிவதற்கு முன்னால் ஒரு தடவை விரலைக் குத்திப் பாருங்கள். இறங்கியிருந்தால் நானே ஓடி வருகிறேன். வேறொன்றும் கேட்கவில்லை.

உங்கள் வீட்டுக்காரி


ஜூன் 8

என்னைக் கணக்குக் கேட்க நீ யார்? போலீஸா? நர்ஸிடம் என்னென்ன சொன்னாய்? வீட்டு விஷயம் வாசலைத் தாண்டினால் என்ன நடக்கும் என்று மறந்துவிட்டதா? இஸ்திரிப் பெட்டி இன்னும் வீட்டில்தான் இருக்கிறது.

சொல்லியும் மெஷின் ஓடுகிறது. காலையிலிருந்து எண்ணெய் காணாத அந்தச் சக்கரச் சத்தம். இன்னொரு தடவை கேட்டேன், வருகிறேன்.


ஜூன் 9, சாயங்காலம்

வீட்டுக்காரருக்கு,

வந்தீர்கள்.

உங்களுக்கு நினைவிருக்குமோ என்னவோ, எழுதிவைக்கிறேன். வெந்நீர் பிளாஸ்க்கால் என் முகத்தில் அடித்தீர்கள். புருவம் கிழிந்தது. பிறகு முடியைப் பிடித்துத் தையல் மெஷின் சக்கரத்தில் மோதினீர்கள். மாஸ்க் துணியெல்லாம் ரத்தம். மூன்றாவது தடவை மோதுவதற்குள் உங்களுக்கே மூச்சு இறைத்து, இருமி, என் காலடியிலேயே சுருண்டு விழுந்தீர்கள். அக்குளில் கைகொடுத்து இழுத்துக் கட்டிலில் போட்டேன். உங்கள் சட்டையில் இருப்பது என் ரத்தம், பயப்பட வேண்டாம். கிளிப் தொண்ணூற்று மூன்று காட்டி, கொஞ்ச நேரத்தில் தொண்ணூற்று ஆறுக்கு வந்தது.

துணியைப் புருவத்தில் கட்டிக்கொண்டு அடுத்து நான் செய்தது உங்கள் விரலைக் குத்தியதுதான். என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இருந்தது. 213.

நர்ஸம்மா வாசலிலேயே உட்காரவைத்து நாலு தையல் போட்டார். என்னைவிட நன்றாகத் தைக்கிறார். எப்படி ஆச்சு என்று கேட்டார். முதல் தடவையாக உள்ளதைச் சொன்னேன்.

கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். அது நீங்கள் அடித்து வைத்த தாழ்ப்பாள்தான். நான் அம்மா வீட்டுக்குக் கிளம்பியபோது என்னை உள்ளே வைத்துப் பூட்டுவதற்காகச் சொந்தக் கையால் திருகி முடுக்கினீர்கள். நல்ல வேலை, அசையவே இல்லை. உள்ளேயே குளியலறை இருக்கிறது. சாப்பாடு இனி ஜன்னல் கம்பி வழியாக வரும். மூச்சு முட்டினாலும் சுகர் இறங்கினாலும் கதவைத் தட்டுங்கள், அடுத்த நொடி திறப்பேன். மெஷினைக் கதவுக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டிருக்கிறேன், உங்கள் இருமல் காதில் விழவேண்டும் என்று.

வீட்டுக்காரி


ஜூன் 10

திற.

இந்தக் கதவு நான் அறுத்துக் கொடுத்த பலகை. எங்கே உதைத்தால் பிளக்கும் என்று எனக்குத் தெரியும். காலையிலிருந்து உதைக்கிறேன், கீழ்ப்பலகை விரிசல் விட்டிருக்கிறது, பார்த்துக்கொள். உடம்பு தேறட்டும். அந்த நாலு தையலையும் என் விரலால் பிரிக்கிறேன். உன் கழுத்தைப் பிடித்தால் யார் சொன்னாலும் விடமாட்டேன்.

கட்டின புருஷனைப் பூட்டிவைத்தவள் என்று ஊர் உன்னைக் காறித் துப்பும். நான் இதற்குள்ளேயே செத்தால் உனக்குத்தான் பழி. சாகிறேன் பார்.


ஜூன் 11

வேர்க்குது. கை ஆடுது. 52. தட்ட முடியல. கதவத் திற. பயமா இருக்கு


ஜூன் 12, காலை

வீட்டுக்காரருக்கு,

உங்கள் எழுத்து காகிதத்தின் ஓரத்துக்கு வழுக்கி ஓடியிருந்தது. தாழ்ப்பாளைத் தள்ளிய வேகத்தில் என் நகம் பெயர்ந்துவிட்டது. நடந்தது இதுதான். என்னைப் பயமுறுத்துவதற்காகச் சோற்றை ஜன்னல் வழியாகப் பின்சுவர் ஓரம் கொட்டியிருக்கிறீர்கள். ஆனால் ஊசியை மட்டும் முழு அளவும் போட்டிருக்கிறீர்கள். சாப்பிடாமல் ஊசி போடக்கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு.

சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக்கொண்டு வந்தேன். கல்யாணமான நாளிலிருந்து உண்மையான காரணத்துக்காக நான் கலக்கிய முதல் டம்ளர் அது. சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும், அப்படி வேர்த்திருந்தீர்கள். டம்ளரைப் பிடிக்கக்கூட உங்கள் கைக்குத் தெம்பில்லை. என் தோளில் சாய்ந்து, நான் ஊட்ட ஊட்டக் குடித்தீர்கள். "வந்துட்டியா" என்றீர்கள். "போயிடாதே, என்னை விட்டுட்டுப் போயிடாதே" என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டீர்கள். என் புருவத் தையலைப் பார்த்து, "யார் அடிச்சா உன்னை?" என்று கேட்டீர்கள். மிச்சத்தையும் ஊட்டினேன்.

கால் மணி கழித்துக் குத்திப் பார்த்தேன், 78. சாப்பிடவைத்துவிட்டு மறுபடி பார்த்தேன், 110. நீங்கள் தூங்கினீர்கள். நான் வெளியே வந்து, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, இத்தனை வருஷத்து அழுகையையும் உட்கார்ந்து அழுதேன்.

நர்ஸம்மாவிடம் நியாயமாகவே கேட்டேன். சுகர் இறங்கினால் சிலருக்கு மூர்க்கம் வரும், அது உண்மைதான் என்றார். உங்களுக்கு அப்படி இல்லை. உங்களுக்குச் சுகர் இறங்கினால் நீங்கள் நல்ல மனுஷர். என்னை அடித்தது சுகர் இல்லை. அன்றைக்கும் இல்லை, என்றைக்கும் இல்லை. நீங்கள்தான்.

தையல்காரி


ஜூன் 14

வீட்டுக்காரிக்கு,

காய்ச்சல் விட்டுவிட்டது. நாக்கில் உப்பு தெரிகிறது. நேற்றுச் சாப்பாடு நன்றாக இருந்தது. ஊசி நானே போட்டேன், கண்ணை மூடவில்லை.

நீ எழுதியதைப் படித்தேன். சுகர்தான் என்று நானா சொன்னேன்? அக்கா சொன்னாள், எல்லோரும் சொன்னீர்கள், நானும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். நான் உனக்கு எதிலும் குறை வைத்ததில்லை. பழசைக் கிளறாதே.

ஒன்று மட்டும் செய். இந்தக் காகிதங்களையெல்லாம் எரித்துவிடு. அக்காவிடமோ அந்த நர்ஸிடமோ காட்டியது தெரிந்தால் நான் மனுஷனாக இருக்கமாட்டேன். கதவைத் திற. மற்றதை வெளியே வந்து பேசிக்கொள்ளலாம்.

உன் புருஷன்


ஜூன் 18, காலை

மரப்பட்டறைக்காரருக்கு,

இனி வெளியே வரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கும் சோதித்தார்கள், ஒன்றுமில்லை. நீங்கள் இதைப் படிக்கும்போது கதவு திறந்திருக்கும். நான் இருக்கமாட்டேன்.

"வெளியே வந்து பேசிக்கொள்ளலாம்" என்று எழுதியிருந்தீர்கள். வெளியே வந்து நீங்கள் எப்படிப் பேசுவீர்கள் என்று என் புருவத்துக்குத் தெரியும்.

இன்சுலின் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது. ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள், கெட்டுப்போகும். ஸ்டீராய்டு நின்றுவிட்டதால் ஊசி அளவைக் குறைக்க வேண்டும், நர்ஸம்மா நம்பர் அலமாரியில் ஒட்டியிருக்கிறது. சட்டைப் பையில் எப்போதும் கொஞ்சம் சர்க்கரை வைத்திருங்கள். உங்கள் அக்காவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டிவிட்டேன். "அவன் சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தாம்மா. வேற என்ன சொல்லிச் சமாளிக்கிறது" என்றார். அப்போது அவருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. மதியச் சாப்பாட்டை அவர் கொண்டுவருவார்.

எனக்குத் தையல் வேலை கொடுக்கிற பெரிய கடைத் தையல்காரம்மா தன் கடை மாடி அறையைக் கொடுத்திருக்கிறார். மெஷினை எடுத்துக்கொண்டேன். இஸ்திரிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டேன். தாழ்ப்பாளைத் திருப்புளியால் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டேன். வரவேண்டாம். வந்தால் அடுத்த கடிதம் போலீஸுக்கு.

சுகர் மெஷினை மட்டும் உங்களுக்காக விட்டுவிட்டுப் போகிறேன். அதைக் கேளுங்கள். அது யாருக்காகவும் பொய் சொல்லாது.

தையல்காரி


ஜூலை 2

தையல்காரிக்கு,

வரவேண்டாம் என்றாய். வந்துவிட்டேன். மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். பட்டறையிலிருந்து நேராக வந்தேன். பையில் உளி இருந்தது. எதற்கு எடுத்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. உனக்குத் தெரியும்.

மேலே உன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஏதோ சொல்ல, நீ சிரித்தாய். நம் வீட்டில் நீ அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. கை நடுங்கியது. முதல் படியில் கால் வைத்தேன். சுகர்தான் இறங்கிவிட்டது என்று வாய்விட்டே சொன்னேன்.

உட்கார்ந்து, பையிலிருந்த சுகர் மெஷினை எடுத்துக் குத்திப் பார்த்தேன்.

118.

மறுபடி வேறு விரலில் குத்தினேன். 116.

உளியைத் தெருச் சாக்கடையில் போட்டுவிட்டு வந்துதான் இதை முடிக்கிறேன். இதைக் கடைக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போகிறேன். பதில் போடாதே. கதவையும் திறக்காதே.