நன்றியுரை

கரோல் பாக்,
தில்லி, 18-12-1978

சௌ. ஜெயலட்சுமிக்கு ஆசீர்வாதம்.

நீ கோபித்துக்கொண்டு உன் அக்கா வீட்டுக்குப் போய் மாதம் ஒன்றாகிவிட்டது. நேரில் வந்தாலும் முகம் கொடுக்கமாட்டேன் என்கிறாய், அதனால் தபால்.

ரஜாய்ப் போர்வைக்குப் பஞ்சு அடிக்கிறவனின் வில் சத்தத்தைக் கேட்டு, வீதியில் வாசிக்கிற வித்வான் என்று நினைத்து நீ ஒரு ரூபாய் போட்ட கதையை ஆபீஸ் விருந்தில் உன்னை வைத்துக்கொண்டே சொன்னேன். அவ்வளவுதானே? மீட்டிங்கிலும் அதைச் சொல்லித்தான் தொடங்குகிறேன்; மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லாரும் தூங்கி வழிகிறார்கள். முதலில் சிரிக்க வைக்கணும், கொஞ்சம் நிறுத்தணும், அப்புறம்தான் விஷயம். அது ஒரு கலை.

பொங்கலுக்கு உங்கள் லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ச் சங்கத்தில் நான் பேசுகிறேன். டைரக்டர் ராமமூர்த்தியும் வருகிறார். என் பிரமோஷன் அவர் கையில். முன்வரிசையில் வந்து உட்கார்.

சேஷன்

லக்ஷ்மிபாய் நகர்,
24-12-1978

நமஸ்காரம்.

ஒருதரம் சொன்னால் வேடிக்கை. பத்து வருஷமாகச் சொல்கிறீர்கள். பால் பூத்தில் முன்பின் தெரியாதவள், "பஞ்சுக்காரனுக்குக் காசு போட்ட மாமி நீங்கதானே?" என்கிறாள். வயிறு எரிகிறது. அந்த ரூபாய் யார் பையிலிருந்து போயிற்று என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

பொங்கலுக்கு அவசியம் இருப்பேன். அக்கா சங்கக் காரியதரிசியாச்சே, நன்றியுரை எனக்கு.

ஜெயலட்சுமி

கரோல் பாக்,
17-1-1979

ஜெயலட்சுமி,

அங்கேயும் அந்தக் கதையைச் சொல்லித்தான் தொடங்கினேன்; நன்றியுரை என்றால் சர்க்கரைப் பொங்கலுக்கு எல்லாரும் எழுந்துவிடுவார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். "பஞ்சுக்காரனுக்குக் காசு போட்டது நானில்லை" என்றாய். எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். நீ நிறுத்தினாய். கரண்டிச் சத்தம்கூட அடங்கிற்று. அப்புறம் என் குரலிலேயே, "மோகனம்டி, என்ன சுத்தம் பாரு" என்று தொடையில் தாளம் போட்டுக் காட்டினாயே, பாவி. டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

இப்போது ஆபீஸில் நான் எழுந்து நின்றாலே யாராவது தொடையில் தாளம் போடுகிறார்கள். வருகிற திங்கட்கிழமை பெரிய மீட்டிங். எதைச் சொல்லித் தொடங்குவேன்? விளையாட்டுக்குச் சொன்னேன் என்று டைரக்டர் வீட்டு மாமியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. வீட்டுக்கும் வந்துவிடு.

சேஷன்

லக்ஷ்மிபாய் நகர்,
19-1-1979

நமஸ்காரம்.

விளையாட்டில்லை. நன்றாக யோசித்துத்தான் சொன்னேன். அன்றைக்கு நான் பொங்கல் சாப்பிடவில்லை; வயிறு அப்படி நிறைந்திருந்தது. புருஷன் மானம் என்று பத்து வருஷம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தது போதும்.

நீங்கள் எழுந்து நின்றாலே சபை விழித்துக்கொள்கிறதாமே. அதற்குத்தானே இத்தனை பாடு? இனிமேல் நேரே விஷயத்தைச் சொல்லுங்கள், இருந்தால்.

இங்கே குளிர் அதிகம். என் ரஜாயை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.

ஜெயலட்சுமி