முனிரத்தினம் பட்டறையில் என் வண்டி

ஆடி 4, ஞாயிறு

காலையிலிருந்து புழுக்கம். மழை வருகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது.

கனகம்மாசத்திரத்தில் இவருடைய அத்தை வீட்டில் கூழ் வார்த்தல். திரும்பும்போது டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தினேன். வாழைப்பழம் இங்கேயே வாங்குவதா, திருத்தணி போய் வாங்கிக்கொள்வதா என்று இவர் யோசனையில். முன்னால் நின்ற லாரி திரும்பிக்கூடப் பார்க்காமல் ரிவர்ஸ். ஹாரன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். பம்பர், பானெட், இடது பக்க ஹெட்லைட், எல்லாம் போச்சு. எங்கள் இருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

என் வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. கூடிய கூட்டத்துக்கு அதெல்லாம் எதற்கு?

"பொம்பள ஓட்டிகினு வந்தா வேற எப்டிபா இருக்கும்."

லாரிக்காரன்: "நான் பின்னால வர்றது தெரியுதில்ல? நவுந்துகினு போவ வேண்டிதானே?"

இவர், என் கணவர், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவர், கூட்டத்திடம்: "உடுங்கப்பா. இப்பதான் பழகிகினு இருக்கா."

ஆறு வருடமாக ஓட்டுகிறேன். பொதட்டூர்பேட்டைப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் போக, வர. இவர் இரண்டு முறை டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து இரண்டு முறையும் பாதியில் நின்றவர். க்ளட்ச் எது பிரேக் எது என்று இன்றைக்கும் தெரியாது. நான் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து காலால் தரையை மிதிப்பார். அதில்தான் வண்டி நிற்கிறது என்று நினைப்பு.

ஆடி 5, திங்கள்

பள்ளிக்கு லீவு. வண்டி ஓடும் நிலையில்தான் இருந்தது. மெதுவாக ஓட்டிக்கொண்டு அரக்கோணம் ரோட்டில் முனிரத்தினம் பட்டறைக்கு. டிங்கரிங், பெயிண்டிங், இன்ஷூரன்ஸ் வேலை எல்லாம் இங்கேயே என்று போர்டு. நெட்டில் பார்த்தால் எல்லாரும் ஐந்து ஸ்டார். "அன்பான கவனிப்பு, சொன்ன தேதியில் டெலிவரி." எழுதியவர்களைப் பார்க்க ஆசை.

டிரைவர் சீட்டிலிருந்து இறங்கினது நான். சாவி என் கையில். முனிரத்தினம் என்னைத் தாண்டிப் போய் இவரிடம்: "இன்னா சார் ஆச்சு?"

"லாரில இடிச்சிட்டா."

"நின்னுகினு இருந்த வண்டிங்க. லாரிதான் ரிவர்ஸ்ல வந்து இடிச்சுது" என்றேன்.

"ஆங், ஆங் மேடம்." சொல்லிவிட்டு மறுபடி இவரிடம்: "சார், உங்க நம்பரு குடுங்க. எதுனா இருந்தா உங்களுக்கு போன் பண்றேன்."

வண்டி என் பெயரில். இன்ஷூரன்ஸ் என் பெயரில். இவர் நம்பரைச் சொன்னார், ஒவ்வொரு எண்ணாக, ஏலம் விடுகிற மாதிரி. என் நம்பரையும் எழுதச் சொன்னேன். எழுதினான். எங்கே எழுதினான் என்று தெரியவில்லை, கையில் பேனா மட்டும்தான் பார்த்தேன்.

ஆடிப்பெருக்குக்குள் கொடுத்துவிடுவானாம்.

ஆடி 8, வியாழன்

பஸ். மறந்தே போயிருந்தது பஸ் என்றால் என்ன என்று. லுங்கி மூட்டைகள் நடுவில் ஒற்றைக் காலில் நின்று போனேன். ஸ்டாஃப் ரூமில் கணக்கு சார்: "டீச்சர், அடுத்த தபா ஆட்டோமேட்டிக்கா வாங்கிடுங்க. லேடீஸுக்கு அதான் சரிப்படும்." லாரிக்குத்தான் ஆட்டோமேட்டிக் வாங்க வேண்டும் என்றேன். புரியவில்லை அவருக்கு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இவர் டீ போட்டு வைத்திருந்தார். சூடு ஆறாமல். ரிடையர் ஆன பிறகு முதல் முறை. சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைப்பானேன்.

உளுந்து வாங்க வேண்டும். கேஸ் புக் பண்ண வேண்டும்.

ஆடி 16, வெள்ளி

முனிரத்தினத்துக்கு, இனி மு.ர., நானே போன் செய்தேன்.

"ஆங் மேடம், பட்டி போட்டுகினு இருக்கோம்."

நேற்றும் பட்டி. அதற்கு முந்தின நாளும் பட்டி. நெளிந்த தகடு மேல் பூசி இழைக்கிற பட்டியா, ஊருக்கு வெள்ளையடிக்கிற பட்டியா? நாளைக்கு நேரில் வருகிறேன் என்றேன். "நாளைக்கி வேணாம் மேடம். இன்னிக்கி அஷ்டமி, நாளைக்கி நவமி. வேல தொட மாட்டோம்." அஷ்டமியில் பட்டி போடலாம், நவமியில் நான் போய்ப் பார்க்கக் கூடாது.

இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்: "ஒர்க்ஷாப்னா அப்டித்தான். அவசரப்பட்டா வேல கெட்டுடும்." ஒர்க்ஷாப் விஷயம் இவருக்கு எப்போது தெரிய ஆரம்பித்தது?

ஆடி 22, வியாழன்

ஆடிப்பெருக்கு போய்விட்டது. வண்டி வரவில்லை.

பட்டறைக்குப் போனேன். பெயிண்ட் அடிக்கிற ரூமில் இருக்கிறது, தூசி படக்கூடாது, உள்ளே விட முடியாது என்றான். வெளியே பிளாஸ்டிக் நாற்காலி. பக்கத்தில் ஆந்திரா நகரிக்காரர் ஒருவர், அவர் வண்டிக்காகக் காத்திருக்கிறார். ஏற்கெனவே ஒரு தடவை எடுத்துப் போய் மறுபடி கொண்டு வந்திருக்கிறார். வெள்ளைக் கார். ஒரு கதவு மட்டும் பால்கோவா நிறம்.

"தினமும் ரேப்பு ரேப்பு அண்டாடும்மா. நாள வா, நாள வான்றான். வந்தா ஆள் இல்ல."

"நெட்ல எல்லாரும் நல்லாத்தானே எழுதியிருக்காங்க?"

சிரித்தார். "நானும்தாம்மா அஞ்சு ஸ்டார் போட்டேன். சாவி குடுக்கறதுக்கு முன்னால நம்ம போன வாங்கி, இங்க அமுக்கு சார்ன்றான். அமுக்குனாதான் சாவி."

இந்த ஊரில் முருகன் மலைக்கு மேலே ஏறிப் பொய் சொல்லப் பயப்படுவார்கள். மலைக்குக் கீழே எல்லாம் செல்லும் போலிருக்கிறது.

கிளம்பும்போது மு.ர.: "ஆடி மாசத்துல யார் மேடம் வண்டி எடுப்பாங்க? ஆவணி பொறக்கட்டும்." ஆடியில் வண்டி இடித்துக்கொள்ளலாம், எடுக்கத்தான் கூடாது. அப்புறம் குரலைத் தாழ்த்தி: "சார்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன் மேடம். சாருக்குத் தெரியும்."

சாருக்கு என்ன தெரியும்? பானெட் முன்பக்கமா பின்பக்கமா என்று கேட்டுப் பார்.

ஆடி 31, சனி

ஆடிக் கிருத்திகை. நேற்றிலிருந்தே ஊர் முழுக்கக் காவடி, பம்பை, மஞ்சள் துணி, மூத்திர நாற்றம். பைபாஸிலேயே வண்டிகளை மறித்துவிட்டார்கள். பட்டறை மூடல். இதற்கு மட்டும் கோபப்பட முடியாது.

மலைக்குப் போகவில்லை. கால் வலி. தினமும் நின்றுகொண்டு போய் வருவதில் முட்டி வீங்கியிருக்கிறது. இவர் தைலம் தேய்த்துவிட்டார். தேய்த்துக்கொண்டே சொன்னார்: "பஸ்ஸே நல்லதுதான் இல்ல? டென்ஷன் இல்ல. வண்டிய வேணா குடுத்துடலாம். நல்ல வெலைக்கி போவும்."

காலை இழுத்துக்கொண்டேன்.

ஆவணி 2, திங்கள்

மத்தியானம் பர்மிஷன் போட்டுவிட்டு யாரிடமும் சொல்லாமல் நேராகப் பட்டறைக்கு. வெயில் மண்டையைப் பிளந்தது.

மு.ர. சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு எழுந்தான். நான் நிற்கவில்லை. பெயிண்ட் ரூமைத் தாண்டிப் பின்னால் போனேன். வேப்ப மரத்தடியில் தார்ப்பாய் போட்டு ஒரு வண்டி. தூக்கிப் பார்த்தேன்.

என் வண்டி. முழுசாக. பம்பர் புதுசு, ஹெட்லைட் புதுசு, பானெட்டில் முகம் தெரிகிறது. கண்ணாடியில் குங்குமம், மாலை. மாலை சருகாகிவிட்டது. குனிந்தேன். நான்கு டயருக்கும் முன்னால் எலுமிச்சம்பழம். டெலிவரி அன்றைக்குப் பூஜை போட்டு வைப்பார்களே, வண்டி ஏறிப் போவதற்கு, அது. நான்கும் சுருங்கிக் கருத்து, கல் மாதிரி. யாரும் ஏறிப் போகவில்லை.

பின்னாலேயே வந்து நின்றான்.

"எப்ப வெச்சீங்க இந்தப் பழத்த?"

"மேடம்..."

"எப்பன்னு கேட்டேன்."

"ஆடிப்பெருக்கு அன்னிக்கே ரெடி மேடம். பூச போட்டு, பழம் வெச்சு, சாருக்குப் போன் பண்ணேன். சார்தான் இப்ப வேணாம், நான் சொல்றப்ப குடு, அதுவரைக்கும் மேடம்கிட்ட எதுனா சொல்லிகினு இருன்னாரு. நான் இன்னா மேடம் பண்ணட்டும்? வீட்டு விசயம்."

கோபம் வந்தது. ஆனால் இவன் மேல் இல்லை, அதுதான் எரிச்சல். இத்தனை நாள் இவனைத் திட்டியது அத்தனையும் வீண். இவன் பொய்யன்தான், ஆனால் கூலிக்குப் பொய் சொன்னவன். அஷ்டமி, நவமி, ஆடி மாசம், எல்லாம் இவன் சொந்தச் சரக்கு. இடுப்பு ஒடியப் பஸ்ஸில் நின்றவளுக்குச் சூடாக டீ போட்டுக் கொடுத்தது யார் சரக்கு?

சாவியைக் கேட்டேன். "சார்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..." என்று போனை எடுத்தான். "வண்டி யார் பேர்ல இருக்கு?" என்றேன். எடுத்த போனை மறுபடி ஜோபியில் போட்டான். சாவி கல்லாப்பெட்டி மேலே முருகர் படத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. கொடுத்தான்.

கொடுத்த பிறகும் விடவில்லை, பிறவிக் குணம்: "மேடம், அந்த ஸ்டாரு..."

"சார போடச் சொல்லுங்க."

காய்ந்த பழங்கள் மேல் ஏற்றினேன். மடக்கென்று ஒரு சத்தம். ரோட்டுக்கு வந்தேன். ஓரம் கட்டிக் கொஞ்ச நேரம் அழுதேன். இதைக் கூட எழுதாவிட்டால் எதற்கு இந்த நோட்டு.

வீடு. வண்டிச் சத்தம் கேட்டு வெளியே வந்தார். முகம் வெளுத்துவிட்டது. அடுப்பில் டீத்தண்ணி கொதிக்கிற வாசம்.

"ஏன்?" என்று மட்டும் கேட்டேன்.

முதலில் லாரி என்றார். பயந்துவிட்டேன் என்றார். உனக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்றார். நின்ற வண்டியில் எனக்கு என்ன ஆகும் என்றேன். ரொம்ப நேரம் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். அப்புறம்:

"பஸ்ஸுல போனா நீ எத்தன மணிக்கி வருவேன்னு எனக்குத் தெரியும். வண்டில போனா தெரியல. இங்க ஒண்டியா ஒக்காந்துகினு ரோட்டையே பாத்துகினு இருக்கேன்."

அறுபது வயது ஆள். குழந்தை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு. சீ என்று இருந்தது. பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று தெரியாது எனக்கு. ஒரேயடியாக வெறுத்துவிட முடிந்தால் எவ்வளவு சௌகரியம்.

டீ குடிக்கவில்லை.

ஆவணி 3, செவ்வாய்

மேகமூட்டம். காற்று.

வண்டியில் போனேன். ஹெட்லைட் லேசாக மேலே பார்க்கிறது, அதையும் சரியாகப் பொருத்தத் தெரியவில்லை அந்த முனிரத்தினத்துக்கு.

பள்ளி விட்டதும் திருத்தணிப் பக்கம் திருப்பவில்லை. நகரி ரோட்டில் கொஞ்ச தூரம். ஆந்திரா போர்டு தாண்டி ஒரு மாந்தோப்பு ஓரம் நிறுத்தினேன். கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே ஒரு வேலையும் இல்லை. திருத்த வேண்டிய பேப்பர் கட்டு பின் சீட்டில், பிரிக்கவில்லை. போன் அடித்தது, அடித்து நின்றது. ஒரு ஆட்டுக்காரி வந்து வண்டி ரிப்பேரா என்று தெலுங்கில் கேட்டாள். இல்லை என்றேன். நம்பாமல் போனாள்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்க போயிருந்த?"

எங்கேயும் இல்லை. அதுதான் உண்மை. சொல்லவில்லை.