சாவி மக்காசரில்

மக்காசரில் இருக்கும் என் மகள் மெல்கியானாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. அங்கே நீ இருமல் இல்லாமல், வயிறு வாடாமல், புத்தகமும் கையுமாக இருப்பாய் என்று கடவுளை நம்பி இதைத் தொடங்குகிறேன். இதை முழுவதும் படித்து முடிக்காமல் யார் சொன்னாலும் கப்பல் சீட்டு வாங்கிவிடாதே. அடுத்த கப்பலில் உன் பெரியப்பா கனிசியுஸ் உன்னைக் கூட்டிப் போக அங்கே வருகிறார். இந்தக் கடிதம் அவருக்கு ஒரு கப்பல் முன்னால் வந்து சேர்ந்துவிடும்.

நடந்தது இதுதான். கிழக்குக் காற்று ஓய்ந்ததும் பெரியப்பா கடல்பாசி காயப்போடும் பரணைக் கொண்டுவந்து நம் துறையின் வாயிலேயே நட்டுவிட்டார். நம் தீவைச் சுற்றி இருக்கும் பாறைவேலியில் படகு போக வர அந்த ஒரு வாய்தான் உண்டு, அதிலும் பாதியை அடைத்துவிட்டார். அப்பா சில நாள் முணுமுணுத்துப் பார்த்தார். பிறகு ஒரு காலையில் தென்னங்குருத்தை வெட்டிப் பின்னி, துறையின் இரண்டு கம்பங்களுக்கும் குறுக்கே தடை ஓலையாகக் கட்டிவிட்டார், கட்டியதோடு நிற்காமல் ஊர் கேட்கும்படி சத்தமாகச் சொல்லியும் விட்டார், "எங்கப்பாவோட பேரப்பிள்ளைங்க அத்தனை பேரும் இங்க வந்து நின்னு அவுக்கிற வரைக்கும் ஒரு படகும் இதத் தாண்டக் கூடாது." கோபத்தில் அவர் வாய் உன்னையும் அடுப்படியில் இருப்பவளாகவே கணக்கில் சேர்த்துவிட்டது. சொல்லிவிட்டுக் கரையேறும்போதுதான் அவருக்கே அது உறைத்தது. அவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் ஓலை மேல் சொன்ன சொல்லை யார் திருப்பி எடுப்பது.

வேடிக்கை என்னவென்றால் அந்தச் சண்டை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பெரியப்பா பரணைத் தானே பிடுங்கிப் போட்டுவிட்டார். இப்போது அண்ணனும் தம்பியும் ஒரே மூங்கில் குழாயிலிருந்து கள்ளை ஊற்றிக் குடித்துக்கொண்டு, மணலில் கவிழ்ந்து கிடக்கும் படகுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் சமாதானமாகிவிட்டார்கள், சொல் மட்டும் ஆகவில்லை. தாண்டியவனைக் கடல் எடுத்துக்கொள்ளும் என்று இவர்கள் நடக்கப் பழகும்போதே கேட்டவர்கள். பாதிரியார் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்த புத்தகங்களை எல்லாம் படித்து முடித்த நானே அந்த ஓலைக்கு அடியில் கை நீட்டி ஒரு சிப்பி எடுக்கத் துணியவில்லை. படித்ததெல்லாம் அந்தப் பயத்துக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்திருக்கிறது, அதை எழுப்பி அனுப்பவில்லை.

ஆக ஊரே உள்ளே இருக்கிறோம். கசப்பு மரவள்ளியைத் துருவிக் கல் ஏற்றி நஞ்சுத் தண்ணீரை வடித்து அடை சுடுவதற்குக் குறையில்லை, ஆனால் அதோடு சாப்பிடக் கரையோரத்துச் சின்ன மீன்தான், ஆழத்து மீனைப் பார்த்து எவ்வளவோ நாளாயிற்று. மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டதால் விளக்கும் இல்லை, எனக்கு அதுதான் பெரிய குறை, படிக்க முடியவில்லை. கிணற்றடியில் உன் பெரியம்மா லுசியா எல்லார் முன்னாலும், "என்னடி பெட்ரோனெலா, உன் புருஷன் கடலுக்கே பூட்டப் போட்டுட்டு சாவிய மக்காசர்ல படிக்க வச்சிருக்கான்!" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து உன் பெயரே சாவி ஆகிவிட்டது. தண்ணீருக்குப் போனால் "சாவி எப்ப வருது?", பூசைக்குப் போனால் "சாவிக்கு எழுதிட்டியா?" முதலில் கேலியாகத்தான் கேட்டார்கள். இப்போது யாரும் சிரிப்பதில்லை.

"ஒரு வாரம்தான், வந்து ஓலையத் தொட்டுட்டுத் திரும்பிடட்டும். பரீட்சை எங்க ஓடிப் போவுது?" இது பெரியப்பா சொன்னது. அவர் பொய் சொல்லவில்லை, அதை அவர் உண்மையாகவே நம்புகிறார். ஆனால் அவர் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு இங்கே சேர்வதற்குள் நவம்பர் முடிந்துவிடும். ஓலை அவிழ்க்கப் பன்றி வேண்டும், விருந்து வேண்டும், பக்கத்துத் தீவுகளிலிருந்து பெரியவர்கள் வர வேண்டும். அதற்குள் மேற்கேயிருந்து மேல்காற்று வந்துவிடும். மேல்காற்று வந்தால் ஓலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மார்ச் வரை ஒருவரும் வெளியே போக முடியாது. உன் பரீட்சை ஜனவரியில்.

அந்த ஒரு வாரம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும் மகளே. உன்னிடம் நான் இதைச் சொன்னதில்லை. பதினேழு வயதில் துவால் பட்டணத்தில் கன்னியர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சிநேகிதியின் கல்யாணத்துக்கு ஒரு வாரம் என்று சொல்லி, இரண்டு பாவாடையும் ஒரு பூகோளப் புத்தகமும் எடுத்துக்கொண்டு இந்தத் தீவுக்கு வந்தேன். காற்று திரும்பிவிட்டது. நான்கு மாதம் யார் யார் வீட்டிலோ சாப்பிட்டேன். உன் அப்பா தினமும் மீன் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். கடல் திறந்தபோது எனக்கு நிச்சயமாகிவிட்டிருந்தது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, கதவைச் சாத்தியவர் என்று ஒருவரையும் காட்ட முடியாது, அதனால்தான் இத்தனை வருஷமாக யார் மேலும் கோபப்படவும் முடியவில்லை. உன்னைப் பெற்றதில் எனக்கு ஒரு நாளும் வருத்தம் வந்ததில்லை, அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. ஆனால் அந்தப் பூகோளப் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது.

இதை நான் வீட்டிலிருந்து எழுதவில்லை. இது கடல் வற்றும் மாதம் இல்லையா, இன்று தண்ணீர் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விட்டது. தடை படகுக்குத்தான், காலுக்கு இல்லை, பெரியப்பாவும் இப்படி நடந்துதான் கப்பலுக்குப் புறப்படுவார். கடல் தரையிலேயே நடந்து அடுத்த தீவின் இறங்குதுறைக்கு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். துவால் போகும் படகு பக்கத்தில் நிற்கிறது, படகுக்காரர், "அக்கா, எடம் இருக்கு, ஏறுறீங்களா?" என்று கேட்டார். கடிதம் மட்டும் ஏறும் என்றேன்.

அப்பாவும் கூட வந்தார். கணவாய் குத்தப் போகிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டு ஈட்டியோடு கிளம்பினார், ஒன்றையும் குத்தவில்லை. பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்தோம். இத்தனை நாளில் அந்த ஓலையைக் கடல் பக்கத்திலிருந்து நான் பார்த்தது இதுதான் முதல்முறை. காய்ந்து பழுப்பேறி, யாரோ மறந்துவிட்டுப் போன துணிபோலத் தொங்கியது. அப்போதுதான் அப்பா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார், "வர வேண்டாம்னு எழுது. மேல்காத்து வந்தா அதுவே பிச்சு எறிஞ்சிடும். காத்துக்கு எவன் அபராதம் போடுவான்? அது வரைக்கும் ஊரு வாயில நான் கெடந்துக்கறேன்." அப்படியென்றால் மார்ச் வரை எல்லாரும் இப்படியே இருக்க வேண்டும், மரவள்ளியும் ஏச்சும்தான் சாப்பாடு, அது அவருக்குத் தெரியும். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நான் சொன்னேன்னு எழுதாத. சொன்னவனே மாத்திச் சொன்னா சொல்லுக்கு என்னடி மதிப்பு" என்றார். எழுதிவிட்டேன். அவரைப் பற்றி இது ஒன்றாவது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். படித்ததும் இதைக் கிழித்துவிடு.

பெரியப்பா வந்தால் முகம் சுளிக்காதே. நல்ல சோறாகப் போடு, ஊர் சுற்றிக் காட்டு. அவர் அழுவார், அழட்டும், நல்ல மனுஷர். பரீட்சை முடிந்ததும் வருகிறேன் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லாதே, காரணம் கேட்டால் அம்மாவின் பிடிவாதம் என்று சொல், ஊர் என்னைத் திட்டட்டும். இருமல் வந்தால் இஞ்சி தட்டிப்போட்டுக் குடி. உன் படிப்புக்கும் உன் கால்களுக்கும் மாதாவின் துணை எப்போதும் இருக்கட்டும்.

தூரத்தில் தண்ணீர் கோடு போட்டுக்கொண்டு வருகிறது, அப்பா நடுவில் நின்று "பெட்ரோ, கடல் திரும்புது, கெளம்பு!" என்று கத்துகிறார். ஒவ்வொரு கடிதத்தையும் நீ எப்போது வருவாய் என்று கேட்டு முடிப்பேன். இதில் கேட்கவில்லை.

ஒரு வாரத்துக்கு வந்த
உன் அம்மா
பெட்ரோனெலா