பிரபுவுக்குப் பொன்னாடை

ஒக்டோபர் 6, திங்கள்

இதை யார் கண்டெடுத்தாலும் தயவுசெய்து மூடிவிடுங்கள். ஒருவருக்கும் காட்டாதீர்கள். முக்கியமாக அம்மாவுக்கு.

வரலாற்றுப் பாடத்தில் ஒவ்வொருவரும் ஒரு பழைய மனிதராக வேடமிட்டு வந்து வாழ்க்கையைச் சொல்ல வேண்டும். எனக்குக் கிடைத்தவர் ஓர் ஆங்கிலேயப் பிரபு. கடற்படைக்கே நிர்வாகி, ஆனால் கப்பலில் கால் வைத்தால் வாந்தி. மேசையில் இருந்தபடியே பாய்மரத்துக்கு நோர்வே மரம் வாங்கினவர்.

எனக்கு வகுப்பின் முன் நின்றாலே வாந்தி. போனமுறை 'ஹெய்' என்று வணக்கம் சொன்னேன், கழிப்பறைக்கு ஓடினேன். இந்தமுறையும் ஓடினால்? நோர்வேயில் நாங்கள் இருக்கும் இந்த ரொம்மனை விட்டே குடிபோக வேண்டியதுதான்.

ஒக்டோபர் 8

வெள்ளைத் தலைமுடி வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னது என் பிழை. அப்பாவின் குரங்குத் தொப்பியில் பஞ்சு ஒட்டுகிறார்.

"பிரபு எண்டால் பெரிய ஆளெல்லே? ஆர் பொன்னாடை போத்துறது?"

"ஒருத்தரும் இல்லையம்மா. அது வகுப்பு!"

"விசர்க்கதை கதையாதை. பெரிய மனுசனைச் சும்மா மேடையிலை ஏத்துறதே?"

ஒக்டோபர் 9

அம்மா எங்கள் ஆசிரியை நோராவுக்குச் செய்தி அனுப்பிவிட்டார். நாளைக்கு அப்பா வருகிறாராம். பொன்னாடையோடு. நான் செத்தன்.

ஒக்டோபர் 10, வெள்ளி

நின்றேன். பஞ்சு மூக்கில் விழுந்தது. "நான் பிரபு—" அவ்வளவுதான். ஓடத் திரும்பினேன். கதவைப் பார்த்தேன். கதவை மறைத்துக்கொண்டு அப்பா!

கோட் போட்டிருந்தார். மண்டபத்தில் நடப்பதுபோல நடந்து வந்து பொன்னாடையைப் போர்த்திக் கும்பிட்டார். பிறகு நோர்வேஜிய மொழியில், சிரிக்காமல் கேட்டார்: "பிரபு அவர்களே, கப்பலில் உங்களுக்கு வாந்தியாமே?"

"கப்பலை நடத்துவது என் வேலை," என்றேன். "ஏறுவது மற்றவர்களின் வேலை."

வகுப்பே சிரித்தது. என்னைப் பார்த்து இல்லை, பிரபுவைப் பார்த்து! அதற்குப் பிறகு வாய் நிற்கவில்லை. மரம், புழுப் பிஸ்கற், கப்பல் தலைவர்களின் முறைப்பாடு, எல்லாம் சொன்னேன். நோராதான் நிறுத்தினார்.

அடுத்து வந்த வைக்கிங் அரசன், தனக்கும் பொன்னாடை போர்த்தாவிட்டால் பேசமாட்டேன் என்று நின்றான். அப்பா என்னுடையதைக் கழற்றி அவனுக்குப் போர்த்தினார். துரோகி.

ஒக்டோபர் 13

முழுப் பாடசாலைக்கும் முன்னால் பேசுவாயா என்று நோரா கேட்டார். வாய் தானாகவே ஓம் என்றது. என் வாய்தானா?

வீட்டில் மூச்சும் விடவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் குத்துவிளக்கும் வரும், மேளமும்—

அம்மா கதவைத் தட்டுகிறார்.

"பிரபு, முழிப்போ? நோரா செய்தி அனுப்பினவ. இந்த மாலை கழுத்துக்கு அளவோ எண்டு ஒருக்காப் பாப்பம்!"